ஏரி தெரியும் அறை

தூக்கத்துலதான் போனாங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காபியைக் குடி. ஓசூர்லேருந்து திண்டுக்கல் வரைக்கும் பஸ்ல வந்திருக்கே. மனசுல அந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு இருந்தா எதுவும் உள்ள இறங்காது. டூர் கம்பெனிக்காரங்க உங்கிட்ட என்ன சொன்னாங்களோ அதேதான். நான் உதய்பூர் போலீஸ்ல சொன்னதும் அதேதான். மரகதம் தூக்கத்துல போயிட்டாங்க.

உனக்கு வந்த அந்த மிஸ்டு கால் கை பட்டுப் போயிருக்கும்மா. இப்ப வர்ற போனெல்லாம் மூச்சு விட்டாலே யாருக்காவது போயிடுது. அஞ்சு தடவையா? சரி, அஞ்சு தடவை கை பட்டிருக்கும்.

நீ கேக்குறது நியாயம்தான். தூங்கிட்டிருந்தவங்க மகளுக்கு எப்படிக் கால் போடுவாங்கன்னு எனக்கும்தான் தோணுச்சு. அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்னு வாசல்ல நிக்கும்போதே சொல்லிட்டே. நல்லது. எனக்கும் சுத்தி வளைச்சுப் பேசினா பிடிக்காது. உன் போன் எங்க இருந்துச்சு? பேக்டரியில வெளியவே வாங்கி வச்சுக்குவாங்களா? அப்ப நீ என்ன பண்ணுவே, உன்மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, நீ கூட வந்திருக்கலாம். அறுபது வயசு அம்மாவைத் தனியா வடக்க அனுப்புறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாம். உங்கம்மாதான் சொன்னாங்க, 'என் மக தேன்மொழி பிறந்தநாளுக்குன்னு டூர் போட்டுக் கொடுத்திருக்கா அக்கா'ன்னு. ரயில்ல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. டிக்கெட் பரிசோதகர்கிட்டகூடச் சொன்னாங்க, தமிழ்லயே.

உங்கம்மாவைப் பத்திப் பேச அந்தக் கூட்டத்துல எனக்குத்தான் உரிமை. மத்தவங்க உனக்கு என்னென்னமோ சொல்லியிருப்பாங்க, இல்ல ஒண்ணுமே சொல்லாம விட்டிருப்பாங்க. ஒரே ரூம்ல இருந்தவ நான்தான். தனியா வர்ற பொம்பளைங்களை ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்துப் போட்டுடுவாங்க இந்த டூர்ல. யாரு எவருன்னு கேக்க மாட்டாங்க. எனக்கு உங்கம்மா வந்தாங்க. நல்ல மனுஷி. சத்துணவுக்கூடத்துல வேலை பார்த்தவங்க இல்லையா, காலையில எந்திரிச்சதும் என் படுக்கையையும் சேர்த்து மடிச்சு வச்சிடுவாங்க. நான் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவ. எனக்கு யாராவது ஒரு ஒழுங்குக்கு அடங்கி நடந்தா பிடிக்கும். உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவாங்க.

ஊரு நல்ல ஊருதான். அதை ஒண்ணும் குறை சொல்ல முடியாது. கரையில ஒரு அரண்மனை, தண்ணிக்கு நடுவுல ஒரு அரண்மனை, சந்துக்குச் சந்து கோயில். நம்ம பக்கம் ஏரின்னா கருவேலமும் பிளாஸ்டிக் பையும்தான். அங்க ஏரியைப் பார்த்தா குனிஞ்சு முகம் கழுவலாம் போல இருக்கு. ஆனா நம்மளைத் தங்க வச்ச லாட்ஜ் இருக்கே, அதைச் சொல்லணும். பழைய காலத்து வீடு. யாரோ பெரிய குடும்பம் இருந்த வீட்டை அறை அறையாத் தடுத்து லாட்ஜ் ஆக்கியிருக்காங்க. கீழ இருக்கிற ரூமெல்லாம் சந்துப் பக்கம் பார்த்து இருக்கும், மேல மொட்டை மாடிக்கு அடுத்தாப்ல இருக்கிற ரூம்தான் ஏரியைப் பார்த்து இருக்கும்.

டூர் மேனேஜர் ஞானசேகர், நாப்பது வயசு ஆளு, விவரம் பத்தாது. எங்களுக்குக் கீழ ரூம் போட்டுட்டார். கேட்டா, மரகதம்மாவுக்குப் படியேற முடியலை, அகமதாபாத்துலயே மூச்சு வாங்கினாங்கங்கறார். எல்லாரும் ஒரே காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம். சந்துல நிக்கிற மாட்டைப் பார்க்கவா நான் மதுரையில ரயிலேறினேன்? விடுவேனா நான். அங்கேயே நின்னு பேசி மேல ரூம் வாங்கினேன். உங்கம்மா, 'எனக்கு எங்கேயும் சரிதான் அக்கா'ன்னு சொன்னாங்க. அப்படிச் சொல்றவங்களுக்காகத்தான் நாம சண்டை போடணும். கல்லுப்படி, செங்குத்தா இருக்கும். நடுவுல ரெண்டு இடத்துல உட்கார்ந்துட்டாங்க. ஆனா மேல வந்து ஜன்னலைத் திறந்தாங்க பாரு, அப்படியே நின்னுட்டாங்க. எதிர்ல முழு ஏரி. நடுவுல அந்த வெள்ளை அரண்மனை. 'தேனு பார்க்கணும் இதை'ன்னாங்க. உன்னைத்தான். அந்த ரூம் நான் வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் காலையில நெஞ்சு பிடிச்ச மாதிரி இருக்குன்னாங்க. முந்தின நாள் ராத்திரி நம்ம சமையக்காரர் பூரியும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். வாயுதான். எங்கிட்ட ஓமத்தண்ணி எப்பவும் இருக்கும், கொடுத்தேன். இடது கை குடையுதுன்னாங்க. பெட்டியைத் தூக்கினா குடையாதா? ஞானசேகர்கிட்டச் சொல்லி டாக்டரைப் பார்க்கலாமான்னு கேட்டாங்க. நான் நல்லவிதமா எடுத்துச் சொன்னேன். டாக்டர் கிட்டப் போனா இந்த ஊர்ல ஒரு நாள் போயிடும், ஒருத்தருக்காக அத்தனை பேரும் பஸ்ல உட்கார்ந்திருக்கணும், நாளைக்கு நாத்துவாரம் கிருஷ்ணர் கோயிலைப் பார்க்க முடியாமப் போகும், நம்மளால மத்தவங்களுக்குத் தொந்தரவு வரலாமான்னேன். தலையை ஆட்டிட்டுப் படுத்துட்டாங்க. சொன்னேன்ல, ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்குவாங்க.

காபி ஆறுது பாரு. ஏடு படிஞ்சா நல்லா இருக்காது.

மத்தவங்களோட நான் அரண்மனை பார்க்கக் கிளம்பும்போது ஒண்ணு மட்டும் கேட்டாங்க. 'பூட்ட வேணாம் அக்கா. சும்மா சாத்தி வச்சிட்டுப் போங்க, காத்து வரட்டும்'னாங்க. எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. வடநாட்டைப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?

என்னம்மா அப்படிப் பார்க்குறே? பூட்டைப் பத்தி ஞானசேகர் உங்கிட்டச் சொல்லலையா? சொல்லியிருப்பார்னு நினைச்சேன். ஊரெல்லாம் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கார். சரி, நானே சொல்றேன், நேரடியாக் கேட்டுக்கோ.

அந்த லாட்ஜ் கதவுல நம்ம ஊர்ல மாதிரி கதவுலயே பதிச்ச பூட்டெல்லாம் கிடையாது. பழைய தேக்குக் கதவு, ஒரு சாண் கனம். வெளிப்பக்கம் ஒரு இரும்புச் சங்கிலி. அதை இழுத்து நிலையில இருக்கிற கொண்டியில மாட்டிப் பூட்டணும். லாட்ஜ்காரன் கொடுக்கிற பூட்டு சைக்கிள் பூட்டு மாதிரி இருக்கும், ஹேர்பின்னாலயே திறந்துடலாம். நான் எந்த ஊருக்குப் போனாலும் என் பூட்டைத்தான் கொண்டு போவேன். நம்ம ஊர்ப் பூட்டும்மா. நாகல் நகர்ல ஒரு பட்டறையில சொல்லிச் செஞ்சது. அவ்வளவு வருஷம் ஹாஸ்டல் கேட்ல தொங்கினது, ரிட்டயர் ஆகும்போது எனக்கே கொடுத்துட்டாங்க. உங்கம்மா கழுத்துல செயின் இருந்துச்சு, கையில வளையல் இருந்துச்சு, பெட்டியில என் சாமான் இருந்துச்சு. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லலாம். ஆனா உடம்பு முடியாதவங்க, பெருக்க வர்றவளுக்கும் துவைக்கத் துணி கேக்க வர்றவனுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுத் திறப்பாங்களா? அவங்க நிம்மதியாத் தூங்கணும்னுதான் பூட்டினேன். சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஒரு பொறுப்புல நாம இருக்கோம்னா அதைச் சரியாச் செய்யணும்.

அரண்மனையைப் பத்தி நான் என்ன சொல்றது. ஏறி ஏறி இறங்கணும், ஒவ்வொரு வாசலும் குனிஞ்சு போகணும். சுவர்ல கண்ணாடித் துண்டு ஒட்டி மயில் செஞ்சிருக்காங்க. வழிகாட்டி இந்தியில பேசினார், ஞானசேகர் தமிழ்ல சொன்னார், ரெண்டும் புரியலை. அங்கேருந்து பக்கத்துல ஒரு பெருமாள் கோயில். அது நல்ல கோயில். சுவர் பூரா யானையும் குதிரையுமாச் செதுக்கியிருக்காங்க. உள்ள கறுப்புக் கல்லுல பெருமாள். உங்கம்மா பேருக்கு அர்ச்சனை பண்ணலாம்னு பார்த்தேன், நம்ம பக்கம் மாதிரி பேரு, நட்சத்திரம் கேக்குற வழக்கமெல்லாம் அங்க இல்லை. மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். அதைச் செஞ்சவளும் அந்தக் கூட்டத்துல நான் ஒருத்திதான்.

கோயில் படியில இறங்கும்போது எனக்கும் கால் வந்துச்சு. உங்கம்மா நம்பர்தான். ஆமாம், எனக்கும் வந்துச்சு. ஆனா அந்த நேரம் படகுத்துறைக்குப் போகணும்னு அவசரப்படுத்தறாங்க. ரூம்ல தனியா இருக்காங்க, பொழுது போகலை, கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். இல்லைன்னா பூட்டினதுல கோவமா இருக்கும்னு நினைச்சேன். கோவமா இருக்கும்போது பேசினா வார்த்தை வளரும். ஹாஸ்டல்ல நான் கத்துக்கிட்டது அது. போன் சத்தத்தை நிறுத்தி வச்சுட்டேன்.

படகுல ஏரியை ஒரு சுத்து சுத்தினோம். அதுக்கப்புறம் சாப்பாடு. துறைக்குப் பக்கத்துல ஒரு மண்டபம் பிடிச்சு வச்சிருந்தாங்க. சாம்பார் போட்டுக்கிட்டு இருக்கும்போது ஞானசேகர் போனைக் காதுல வச்சுக்கிட்டு ஓடி வர்றார். லாட்ஜ்லேருந்து பேசறாங்களாம், ரூம்ல இருக்கிற அம்மாவுக்கு முடியலையாம், கதவைத் தட்டறாங்களாம், சாவி வேணுமாம். படகுல பாட்டுச் சத்தத்துல அவருக்கு முன்னாடி வந்த போனெல்லாம் கேக்கலையாம். இப்ப எங்கிட்ட வந்து கையை நீட்டறார்.

நான் கொடுக்கலை. ஏன் கொடுக்கலைன்னு கேளு. லாட்ஜ்ல சாவி கேக்குறதுக்கு என்ன காரணம் சொல்வாங்க? பெட்டியைத் திறக்கணும்னா சொல்வாங்க? ஹாஸ்டல்ல எத்தனை பொண்ணுங்க, சினிமாவுக்குப் போறதுக்கு, 'வயிறு வலிக்குது மேடம், கேட்டைத் திறங்க'ன்னு உருண்டிருக்கு. எல்லா வயித்து வலியும் நான் பார்த்தவ. 'நானே வந்து திறக்கிறேன், சாவியைக் கையில தர மாட்டேன்'னு சொன்னேன். அவர் நின்னுக்கிட்டே இருந்தார். ரசமும் மோரும் சாப்பிடாம இலையை விட்டு எந்திரிக்கிறது எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து இலைக்காரங்க எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அவங்களும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதை இப்ப யாரும் சொல்ல மாட்டாங்க.

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்த லாட்ஜ்காரங்க நிலையையே கடப்பாரையால பேர்த்துட்டாங்க. பூட்டை அவங்களால ஒண்ணும் பண்ண முடியலை. ரம்பம் போட்டுப் பார்த்திருக்காங்க, சுத்தியலால அடிச்சிருக்காங்க, ஒரு கீறல், அவ்வளவுதான். நிலைதான் கொண்டியோட பேர்ந்து வந்திருந்துச்சு. சங்கிலியில என் பூட்டு அப்படியே தொங்குது.

உங்கம்மா வாசல்படியில படுத்திருந்தாங்க. அந்த லாட்ஜ்ல கூட்டிப் பெருக்குற ஒரு பொம்பளை மடியில தலை. கண்ணு மூடியிருந்துச்சு. நான் பார்த்தது அதுதான். கண்ணு மூடியிருந்தா அதுக்குப் பேரு தூக்கம்தானே? போலீஸ்ல கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன், நான் பார்க்கும்போது தூங்கற மாதிரிதான் இருந்தாங்கன்னு. ஞானசேகர் அதை இந்தியில சொன்னார். அவங்க எழுதிக்கிட்டாங்க. கம்பெனிக்காரங்களுக்கும் அது வசதியாப் போச்சு. இதுல பொய் எங்க இருக்கு?

அந்தப் பொம்பளைதான் பெரிய ரகளை பண்ணினா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு வந்து மூஞ்சிக்கு நேராக் கத்தறா. அந்த ஊர்ப் பேச்சு, எனக்கு ஒரு எழுத்து புரியலை. ஞானசேகர் சொல்லித்தான் தெரியும். காலையில அவ பெருக்க வந்தப்பவே உங்கம்மா கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்காங்களாம். சங்கிலி கொஞ்சம் நீளம், கதவைத் தள்ளினா நாலு விரல் போற அளவுக்கு இடைவெளி விடும். அது வழியா உங்கம்மா கையை நீட்டியிருக்காங்க. இவ ஓடிப்போய்க் கீழ சொல்லிட்டு, திரும்பி வந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருக்கா. ஒரு டம்ளரை உள்ள விட முடியலை, துணியை நனைச்சு உள்ள கொடுத்திருக்கா. உங்கம்மா நடுநடுவுல எந்திரிச்சு ஜன்னலுக்குப் போவாங்களாம், திரும்பி வந்து கையை நீட்டுவாங்களாம். பேசிக்கிட்டே இருந்தாங்களாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்கம்மாவுக்கு அந்தப் பேச்சு தெரியாது. என்ன பேசியிருக்க முடியும்? அவ சொல்றதை எவ்வளவு நம்பறதுன்னு எனக்குத் தெரியலை. புறங்கையைக் காட்டினா. நகம் பதிஞ்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. உங்கம்மா நகம் வெட்டற வழக்கமில்லை போல. ஹாஸ்டல்ல நான் வாராவாரம் பார்ப்பேன்.

அழாதம்மா. நான் உனக்கு ஆறுதலுக்குத்தான் சொல்றேன். அந்தப் பொம்பளை சொல்றது உண்மைன்னா உங்கம்மா தனியாப் போகலை, பக்கத்துல ஒரு ஆள் இருந்திருக்கு. பொய்யின்னா தூக்கத்துல போயிட்டாங்க. ரெண்டுமே நல்லதுதானே. ரெண்டுல எதை வேணும்னாலும் நீ வச்சுக்கலாம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் ஏதோ சொன்னார். காலையிலயே மாரடைப்பு ஆரம்பிச்சிருக்கு, அப்பவே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு. டாக்டருங்க எப்பவும் அதைத்தான் சொல்வாங்க. செத்தவங்களைப் பத்தி யாரு வேணும்னாலும் சொல்லலாம்.

நான் பட்டதை யாரும் கேக்கலை. போலீஸ் ஸ்டேஷன்ல பெஞ்சுல உட்கார வச்சாங்க. இந்த வயசுல. ரிட்டயர்டு வார்டன்னு சொல்லியும். மறுநாள் எல்லாரும் நாத்துவாரம் கிளம்பிட்டாங்க. ரூம்ல கூட இருந்தவங்க நீங்கதானே, நீங்க இருங்கன்னு என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் ஞானசேகரும் உங்கம்மாவை வச்ச பெட்டியோட விமானத்துல வந்தோம். அவ்வளவு தூரம் போய் நாத்துவாரம் பார்க்காமத் திரும்பினவ நான்தான். அப்புறம் பார்த்தா டூர் வாட்சப் குரூப்லேருந்து என்னை எடுத்துட்டாங்க. யாரு எடுத்தாங்கன்னுகூடத் தெரியலை. ரயில்ல என் ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவங்க அத்தனை பேரும். ஒருத்தி போன் பண்ணி, 'உங்களுக்குத் தூக்கம் வருதா மேடம்'னு கேட்டா. நல்லா வருதேன்னேன். உடனே வச்சிட்டா.

உன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குப் புரியுது. பூட்டாமப் போயிருந்தா? பூட்டாமப் போயிருந்து நகை போயிருந்தா, இதே ஜனங்க என்ன சொல்லியிருக்கும்? பொறுப்பில்லாமப் போயிட்டான்னு சொல்லியிருக்கும். நகையெல்லாம் உனக்கு வந்து சேர்ந்துச்சுல்ல? செயினு, வளையலு? ஒரு குண்டுமணி குறையலையே? அதை யாராவது பேசறாங்களா?

எதுக்கு எந்திரிக்கிறே? இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு. உனக்குன்னு நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். குரூப்ல போடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள என்னை எடுத்துட்டாங்க. இதை யாருமே பார்க்கலை. கண்ணாடியைப் போட்டுக்கறேன் இரு.

சொல்றேன் கேளு. உங்கம்மாவுக்கு எம்மேல கோவம்னு நினைச்சுக்கிட்டே படகுல ஏறினேன்னு சொன்னேன்ல. மனசு கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. படகு நடு ஏரிக்குப் போய்த் திரும்புது, அங்கேருந்து பார்த்தா கரையில வீடெல்லாம் வரிசையா ஏறி நிக்குது. எங்க லாட்ஜ் எதுன்னு நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன். மேல அந்த ஜன்னல். பார்த்தா, உங்கம்மா. ஜன்னல் கம்பிக்கு வெளிய கையை நீட்டி, அந்தச் சிவப்புத் துண்டு இருக்கே, நீ வாங்கிக் கொடுத்தது, அதை வீசுறாங்க. எனக்கு அப்படியே மனசு லேசாயிடுச்சு. உடம்பு தேவலையாயிடுச்சு, கோவமும் போயிடுச்சுன்னு. படகு பூரா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே போனை எடுத்துப் படம் பிடிச்சேன்.

இந்தா, கையில வாங்கிப் பாரு. ரெண்டு விரலால விரிச்சாப் பெருசாகும். தெரியுதா? அந்தச் சிவப்பு. முகம்கூட லேசாத் தெரியும், வாயைத் திறந்து சிரிக்கிறாங்க பாரு. உங்கம்மாவோட கடைசிப் படம் இது, அனுப்பி வைக்கிறேன். படகு அந்தப் பக்கம் திரும்பி மறையற வரைக்கும் அவங்க வீசறதை நிறுத்தவே இல்லை. நாங்களும் விடலை. அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கையாட்டினோம்.